முகாமிட்டவர்களும் தங்கியிருந்தவர்களும்

2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவூர்தி புறப்பட்டது. அதன் முதன்மைச் சுமை கார்ட்டோசாட்-1 என்னும் நிலவரைபடச் செயற்கைக்கோள். அதனோடு 42.5 கிலோ எடையுள்ள சிறு பெட்டி ஒன்றும் சுற்றுப்பாதைக்குச் சென்றது. அதன் பெயர் ஹாம்சாட். பெங்களூரில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையத்தில் உருவானது. அதனுள் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்றை இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்தனர். மற்றொன்றை நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர் செய்து கொடுத்தார். அந்தப் பெட்டி நிலத்தைப் படம் பிடிக்கவில்லை, மேகத்தை அளக்கவில்லை, தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. அமெச்சூர் வானொலியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்காக மட்டுமே அது வானில் சுற்றியது. ஓரிரு ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று கணக்கிட்டு அனுப்பப்பட்டது, 2014 வரை உழைத்தது.

ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம், பொழுதுபோக்காளர்களுக்காக ஏன் ஒரு செயற்கைக்கோளைச் செலுத்த வேண்டும்? இக்கேள்விக்கு அன்று பலரும் சொன்ன விடை, நான்கு மாதங்களுக்கு முன்பு நிகழ்ந்த ஒரு பேரழிவைச் சுட்டியது. ஹாம்சாட்டின் திட்டம் அப்பேரழிவுக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆயினும் அது ஏவப்பட்ட நாளில் யாரும் அதைக் குறித்து விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பரில் அந்தமானில் முகாமிட்டிருந்த ஒரு சிறு வானொலிக் குழுவின் கதை அனைவர் நினைவிலும் பசுமையாக இருந்தது.

அந்தக் கதை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லப்படுகிறது: விளையாட்டாகத் தீவுக்குப் போனவர்கள், அழிவு வந்தபோது வீரர்களானார்கள். அது பொய்யன்று. ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள் அடங்காத சில செய்திகள் உள்ளன. ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் களப்பணிக்குச் சென்று திரும்புகிறவர்களுக்கு, அவை முக்கியமானவை.

*

அமெச்சூர் என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் ‘தொழில்முறை சாராதவர்’ என்று எதிர்மறையாகவே பெயர்க்கிறோம். அச்சொல்லின் லத்தீன் வேர் ‘அன்பு கொள்பவர்’ என்ற பொருள் தருவது. ஹாம் என்று பரவலாக அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர், அரசு நடத்தும் தேர்வெழுதி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியைப் பெறுகிறார். இந்தியாவின் குறி வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும். தொடர்ந்து வரும் எண் 2 அல்லது 3 என்றால் பெரும்பாலும் பெருநிலப்பகுதி. 4 என்றால் அந்தமான் நிகோபார். 7 என்றால் இலட்சத்தீவு. ராஜீவ் காந்தியின் குறி வி.யு.2ஆர்.ஜி.

இவ்வுலகில் ஒரு பட்டியல் உண்டு. எந்தெந்த நிலப்பகுதிகளைத் தனித்தனி ‘நாடு’ என்று எண்ணலாம் என்ற விவாதம் 1935இல் ஓர் அமெரிக்க அமெச்சூர் வானொலி இதழில் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த பட்டியலில் இன்று 340 பெயர்கள் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பினர் தொகை 193 என்பதை நினைவில் கொண்டால் வேறுபாடு விளங்கும். அரசியல் எல்லையைப் போலவே, தாய்நிலத்திலிருந்து கடலால் பிரிந்து தொலைவில் கிடப்பதும் ஒரு நிலத்தைத் தனி ‘நாடு’ ஆக்கும். அவ்வகையில் அந்தமான் நிகோபாரும் இலட்சத்தீவும் இந்தியாவிலிருந்து வேறான இரு பெயர்களாக அப்பட்டியலில் உள்ளன. பட்டியலில் உள்ள எல்லா நிலங்களோடும் ஒரு முறையேனும் பேசிவிட வேண்டும் என்பது உலகெங்கும் பல்லாயிரம் பேருக்கு வாழ்நாள் ஆசை.

ஆனால் சில தீவுகளில் வானொலியாளரே இருப்பதில்லை. எனவே மற்றவர்கள் அங்கே கூட்டமாகச் சென்று, கம்பம் நட்டு, கம்பி கட்டி, சில நாள்களோ சில வாரங்களோ தங்கி, உலகை அழைக்கிறார்கள். கர்நாடகக் கடற்கரையில் மல்பேக்கு எதிரே கிடக்கும் செயின்ட் மேரீஸ் தீவுகளைப் போன்ற அருகிலுள்ள இடங்களிலிருந்து, தென்துருவக் கடலின் பனித்தீவுகள் வரை இப்பயணங்கள் நடந்திருக்கின்றன. எவ்வளவு அரிதான இடமோ அவ்வளவு பெருமை.

அந்தமான் அரிதாயிருந்ததற்குக் கடல் காரணமன்று. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போர்ட் பிளேரை, இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தை, அடைந்துவிடலாம். காரணம் காகிதம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் ஆண்ட நாட்டில், ஒலிபரப்புக் கருவி எப்போதும் ஐயத்துக்குரிய பொருளாகவே பார்க்கப்பட்டது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி மாற்றி நடத்திய காங்கிரஸ் வானொலியைத் தேடிப் பிடித்தது ஆங்கிலேய அரசு. விடுதலைக்குப் பின்னும் அந்த ஐயம் முற்றிலும் அகலவில்லை. எல்லைப்புறத் தீவு, படைத்தளங்கள், பழங்குடியினர் பாதுகாப்பு எனப் பல துறைகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1987க்குப் பின் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலிக் குரல் எழவில்லை. உலகின் மிகவும் தேடப்படும் இடங்களின் வரிசையில் அது முன்னணிக்கு வந்துவிட்டது.

*

இந்த மௌனத்தைக் கலைத்தவர் பாரதி பிரசாத். டெல்லியில் வசித்தவர், செய்தித்தாள்கள் அவரை ‘இல்லத்தரசி’ என்றே அறிமுகப்படுத்தின. அவரது குறி வி.யு.2ஆர்.பி.ஐ. அனுமதிக்காகப் பல ஆண்டுகள் முயன்று, ஐதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் ஒரு குழுவோடு 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் இறங்கினார். கடலை நோக்கிய ஒரு விடுதியில் முகாம். வி.யு.4ஆர்.பி.ஐ., வி.யு.4என்.ஆர்.ஓ. என்ற இரு அழைப்புக்குறிகள். அனுமதி அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது.

இத்தகைய முகாமின் அன்றாடம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் நீளக் கம்பி போதும். அதன் நடுவில் கேபிளை இணைத்து இரு கம்பங்களுக்கிடையில் உயர்த்திக் கட்டினால் ஆன்டெனா ஆயிற்று. ஒரு மின்விசிறியை ஓட்டும் மின்சாரத்தைப் போல ஒன்றிரண்டு மடங்கு ஆற்றலில் எழும் அலை, நிலத்திலிருந்து சில நூறு கி.மீ. உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, மீண்டும் தரைக்கு வந்து, கடல் மேல் பட்டு மீண்டும் எழும்பி, கண்டங்களைத் தாண்டும். அரிய தீவு ஒன்று வாய் திறந்ததும் உலகமே பதில் கூவத் தொடங்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தத்தம் குறியைக் கத்த, எழும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவரது இரண்டு எழுத்தைப் பிடிக்க வேண்டும். அந்த எழுத்துக்கு உரியவரை மட்டும் பேசச் சொல்ல வேண்டும். குறியைச் சரியாகத் திருப்பிச் சொல்லி, ‘ஐந்து-ஒன்பது’ என்று சமிக்ஞை அளவு கொடுத்து, நன்றி சொல்லி, அடுத்தவரை அழைக்க வேண்டும். எல்லாம் பத்து விநாடிக்குள். இப்படி மணிக்கு நூறு, இருநூறு தொடர்புகள். இதை நாள் முழுதும், இரவிலும், வாரக்கணக்கில் செய்வார்கள். டிசம்பர் 3 முதல் 25 வரை அந்தமான் குழுவின் பதிவேட்டில் பல்லாயிரம் குறிகள் ஏறின.

ஓர் ஆய்வாளரின் கண்ணுக்கு இந்தப் பதிவேடு ஆர்வமூட்டும் ஆவணம். ஒவ்வொரு வரியிலும் நாள், நேரம், அலைவரிசை, எதிர்முனைக் குறி. ஒரு தவறான எழுத்துகூட நேர்ந்தால், உலகின் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தம் பட்டியலில் அந்தமானை இழப்பார். எனவே துல்லியம் இங்கு அறமாகவே கொள்ளப்படுகிறது. கேட்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்தறியும் பழக்கம் ஒவ்வொரு பத்து விநாடியிலும் பயிற்றுவிக்கப்படுகிறது.

அதே பதிவேட்டில் இல்லாதவர்களும் உண்டு. அந்தமான் என்ற பெயர் உலகின் பல்லாயிரம் பதிவேடுகளில் ஏறிய அந்த மூன்று வாரங்களில், அந்தமானில் வாழும் யாருடைய பெயரும் அவற்றில் ஏற வழியில்லை. நிகோபாரியர், ஜாரவாக்கள், கிழக்கு வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்டோர், போர்ட் பிளேரின் தமிழர், சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் அமர்த்தப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் ஆகிய அனைவருக்கும் மேலே வானில் அவர்களது தீவின் பெயர் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. இது யார் மீதும் சுமத்தும் குற்றமன்று. அந்த விளையாட்டின் அமைப்பு அப்படி. அரிதாயிருப்பது என்பது தொலைவிலிருப்பவரின் கணக்கு. தீவில் பிறந்தவருக்குத் தம் தீவு அரிதன்று.

*

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29. சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் தொடங்கிய முறிவு, சில நிமிடங்களில் வடக்கு நோக்கி நிகோபார், அந்தமான் தீவுகளின் அடிப்பகுதி வழியாக ஆயிரம் கி.மீ.க்கும் மேல் கிழித்துக்கொண்டு ஓடியது. ரிக்டர் காலத்து மொழியில் சொன்னால் 9க்கு மேல். அந்த வைகறையிலும் பாரதி ஒலிவாங்கியின் முன் இருந்தார். கட்டடம் ஆடியது. நில அதிர்வு என்பதைச் சொல்லும் ஒற்றைச் சொல்லை ஒலிவாங்கியில் கூவிவிட்டு அவர் வெளியே ஓடினார் என்று அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வி.யு.4ஆர்.பி.ஐ. மௌனமாயிற்று.

மின்சாரம் போயிற்று. தொலைபேசி போயிற்று. சிறிது நேரத்தில் கடல் ஏறிவந்தது. குழு தன் கருவிகளை விடுதிக்கு வெளியே கொண்டுவந்து, திறந்த வெளியில் மீண்டும் நிலையத்தை அமைத்தது. அதுவரை அலைவரிசையில் முண்டியடித்த ஆயிரக்கணக்கானோரும் ஒரே நாளில் ஒதுங்கி வழிவிட்டனர் என்பது அந்தப் பதிவேட்டில் எழுதப்படாத, ஆனால் எழுதப்பட வேண்டிய செய்தி. பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள் பட்டியலை மறந்தனர். ‘ஐந்து-ஒன்பது’ சொன்ன குரல் இப்போது பெயர், ஊர், முகவரி, நலம் என்ற நான்கு செய்திகளைச் சொல்லத் தொடங்கியது. போர்ட் பிளேரில் நிர்வாகத்துக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அவர்கள் தொடர்பு ஏற்படுத்தினர். குழுவினர் சிலர் விமானப்படை விமானத்தில் கார் நிகோபார் சென்று, தளமே சிதைந்து கிடந்த அத்தீவிலிருந்து போர்ட் பிளேரோடு பேசும் நிலையத்தை அமைத்தனர். சென்னை, கேரளம், கர்நாடகம், ஐதராபாத் என ஆங்காங்கே வீட்டு அறைகளில் அமர்ந்திருந்த வானொலியாளர்கள் அச்செய்திகளைக் குறித்துக்கொண்டு, உறவினர்களைத் தொலைபேசியில் தேடிச் சொன்னார்கள்.

அந்த நாள்களில் ஒரு செய்தியின் எடையைக் கணக்கிடுவது கடினம். கச்சால் தீவு மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த இடங்களுள் ஒன்று. தீவுகளில் வேலை செய்த தந்தை, படையில் இருந்த மகன், ஆசிரியராகப் போன மகள் உயிரோடு இருக்கிறாரா என்று நாள்கணக்கில் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினால் உயிரோடிருப்பவர் இறந்தவராகவும், இறந்தவர் உயிரோடிருப்பவராகவும் மாறிவிடக்கூடிய நேரம் அது. இரைச்சலுக்குள் இரண்டு எழுத்தைப் பிடிக்கவும், பிடித்ததைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யவும், உறுதியாகாததை எழுதாதிருக்கவும் மூன்று வாரங்கள் இடைவிடாது பழகிய காதுகள் அங்கே இருந்தன. அழிவு நேர்ந்த பின் யாரும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவில்லை. யாரும் பயன் என்று கருதாத ஒரு விளையாட்டு அந்தப் பயிற்சியை முன்பே அளித்திருந்தது.

*

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் கடிகாரம் வேறொன்றைச் சொல்கிறது.

நிலம் அதிர்ந்தது 6.29க்கு. கார் நிகோபாரை அலை சில நிமிடங்களிலேயே தொட்டது. சென்னை, கடலூர், நாகப்பட்டினக் கரைகளை அது அடைந்தபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடைப்பட்டது இரண்டேகால், இரண்டரை மணி நேரம். அந்த இடைவெளியில் செய்தி உலகில் இல்லாமல் இல்லை. உலகின் நிலநடுக்க மானிகள் அதிர்வைப் பதிவு செய்துவிட்டன. பாரதியின் ஒற்றைச் சொல் அலைவரிசையில் பயணம் செய்துவிட்டது. கார் நிகோபார் தளத்திலிருந்து தீவு நீரில் மூழ்குவதாக வந்த தகவல் காலையிலேயே சென்னையில் விமானப்படைக்குக் கிடைத்ததாகப் பின்னர் செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஏடுகளிலும் செய்தி இருந்தது: 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே எழுந்த நிலநடுக்கம் வங்கக் கடலெங்கும் அலைகளை அனுப்பியதும், நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட துறைமுகங்களின் அலைமானிகள் அதைப் பதிந்ததும் அக்கால இந்தியப் புவியியல் அளவைத் துறையின் வெளியீடுகளில் காணக் கிடைக்கின்றன. நூற்று இருபத்துமூன்று ஆண்டுகளாக அறிவு அலமாரியில் இருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சிற்றலை வானொலியில் ஓர் இயல்பு உண்டு. ஒரு நிலையத்திலிருந்து எழும் அலை, அயனி மண்டலத்தில் பட்டு நெடுந்தொலைவில் தரையிறங்கும். நிலையத்தை ஒட்டிய சிறு வட்டத்தில் நேரடியாகக் கேட்கும். இரண்டுக்கும் இடையே எதுவும் கேட்காத ஒரு வளையம் உண்டு. அதைத் தாவல் மண்டலம் எனலாம். 14 மெகாஹெர்ட்ஸில் போர்ட் பிளேரின் குரலை ஐரோப்பாவில் ஒருவர் தெளிவாகக் கேட்பார், முந்நூறு கி.மீ.க்கும் குறைந்த தொலைவில் தெற்கே உள்ள கார் நிகோபாரில் அதே குரல் கேட்காமல் போகலாம். பெரிய தொலைவைத் தாண்டுவதற்கென்றே தேர்ந்த அலைவரிசை, அருகிலிருப்பவரின் தலைக்கு மேலே தாவிச் செல்கிறது.

அன்று காலை அறிவுக்கு நேர்ந்ததும் அதுவே. அது தொலைவில் இருந்தவர்களை, கருவி வைத்திருந்தவர்களை, ஒரே மொழியில் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டவர்களை அடைந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவரின் தலைக்கு மேலே தாவிச் சென்றது.

தாவாமல் தரையிறங்கிய ஓர் இடமும் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்னும் மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையத்தை நடத்தி வந்தது. அலையின் உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி முதலிய செய்திகளை நாள்தோறும் ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவிப்பது அதன் பணி. அம்மையத்தில் முன்பு தன்னார்வலராக இருந்த ஊர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர். படகுகளும் வீடுகளும் போயின, ஊர் இருந்தது.

நல்லவாட்டில் நூறு வாட் ஒலிபரப்பி இல்லை, அரிய அழைப்புக்குறி இல்லை. அங்கே இருந்தது பழக்கம். ஒலிபெருக்கி சொன்னால் அது தம் கடலைப் பற்றிய செய்தி, நம்பத்தக்க செய்தி என்று ஊர் பல ஆண்டுகளாகப் பழகியிருந்தது. செய்தி அனுப்பியவர் அந்த ஊர்க்காரர். எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தக் கருவி இருக்கிறது என்று அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரிந்திருந்தது.

*

அதன் பின் நடந்தவை பல. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் அயல்நாட்டு வானொலியாளர்களும் கூடினர். அவ்வாண்டின் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் இலட்சத்தீவில் முகாம்கள் நடந்தன. ஐயத்துக்குரியதாயிருந்த கருவி, மரியாதைக்குரியதாயிற்று. 2007இல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. பெங்களூரில் கட்டிய ஹாம்சாட், பூமியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கடப்பிலும் பத்து நிமிடமளவு, பள்ளி மாணவர்களின் கையடக்கக் கருவிகளுக்கும் செவிசாய்த்தது. பெங்களூரில் ஒரு தலைமுறை அதன் வழியே செயற்கைக்கோள் என்பதைத் தொட்டறிந்தது.

இன்று அந்நகரில் அமெச்சூர் வானொலி சுருங்கிய மாடிகளுக்கும் பெருகிய மின்னிரைச்சலுக்கும் இடையில் உயிர் வாழ்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பத்து மீட்டர் கம்பிக்கு இசைவதில்லை, எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் மெல்லிய குரல்களை விழுங்குகிறது. சதார் பத்ரப்பா சாலையில் இன்னும் கேபிளும் இணைப்பிகளும் கிடைக்கின்றன. சாதாரண நாள்களில் கைப்பேசி எல்லாவற்றையும் செய்துவிடும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு, ‘சுனாமியின்போது உதவியது’ என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. அந்த விடையில் நியாயம் உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவதில் ஒரு சோம்பல் உண்டு.

அந்தமானில் அக்குழு அன்று இருந்தது ஒரு தற்செயல். அனுமதி நவம்பரில் முடிந்திருந்தால், அல்லது ஜனவரியில் தொடங்கியிருந்தால், விடுதியின் திறந்த வெளியில் நிலையம் அமைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு தீவுக்கூட்டத்தின் அவசரத் தொடர்பு, பெருநிலத்திலிருந்து ஒரு மாதத்துக்கு வந்த முகாமின் நாட்காட்டியைச் சார்ந்திருந்தது என்பதே அந்தக் கதையின் உண்மையான எச்சரிக்கை. முகாமிட்டவர்களின் துணிவைப் போற்றும்போது, தீவில் வசிப்பவரே ஏன் அந்தக் கருவியின் முன் அமர்ந்திருக்கவில்லை என்ற கேள்வியை விட்டுவிடலாகாது. பதினேழு ஆண்டு அனுமதி மறுப்பால் உலகப் பட்டியல்காரர்கள் இழந்தது ஓர் எண்ணை. தீவு இழந்தது ஒரு தலைமுறைக் காதுகளை.

ஆய்வுலகத்துக்கும் இது அயலான செய்தியன்று. அரிதான மொழி, அரிதான குடி, அரிதான உயிரினம் என்று தேடிச் செல்லும் களப்பணியும் ஒருவகை முகாம்தான். அனுமதி பெற்று, கருவிகளோடு சென்று, துல்லியமாகப் பதிந்து, தொலைவிலுள்ள சகாக்கள் கேட்கும் அலைவரிசையில் அறிவித்து, காலம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு திரும்புகிறோம். பதிவேடு சரியாக இருக்கிறது, மேற்கோள்கள் கிடைக்கின்றன. களம் கொடுத்த அறிவு களத்தின் தலைக்கு மேலே தாவிச் சென்று கண்டங்களுக்கு அப்பால் தரையிறங்குகிறது. அதில் தவறில்லை, தொலைவில் கேட்பவரும் வேண்டும். அந்தமான் முகாமின் குரலைத் தொலைவில் கேட்டவர்கள்தாம் பின்னர் வழிவிட்டு உதவவும் செய்தார்கள். ஆனால் அருகிலிருப்பவர் கேட்க வேண்டுமானால் வேறோர் அலைவரிசைக்கு மாற வேண்டும்.

வானொலியாளர்களுக்கு இது தெரியும். தாவல் மண்டலத்துக்குள் இருப்பவரோடு பேச ஆற்றலைக் கூட்டிப் பயனில்லை. 14 மெகாஹெர்ட்ஸை விட்டு ஏழுக்கோ மூன்றரைக்கோ இறங்க வேண்டும். கம்பியை உயரத்திலிருந்து இறக்கித் தாழ்வாகக் கட்ட வேண்டும். அப்போது எழும் அலை செங்குத்தாக மேலே சென்று, நேராகக் கீழே, சுற்றியுள்ள ஊர்களின் மேல் விழும். தொலைதூரத்துப் பெருமை அதில் கிடைக்காது. எந்தப் பட்டியலிலும் எண் கூடாது. பக்கத்துத் தீவில் இருப்பவருக்கு அது கேட்கும்.